சாக்லேட் ஆபத்துனு தெரியும்... புளியும் அரளியும்? கரிசல் வீட்டுச் செல்லங்களுக்கு ஒரு விஷப் பட்டியல்

ஃபேமிலி குரூப்ல மாசம் ஒருதடவையாவது அந்தப் படம் வந்துடும். மேலே சோகமா ஒரு லாப்ரடார், கீழே 'இதையெல்லாம் நாய்க்குக் கொடுக்காதீங்க'னு ஒரு பட்டியல். சாக்லேட், திராட்சை, அவகேடோ, மெக்கடாமியா நட். கோவில்பட்டி மார்க்கெட்ல போய் மெக்கடாமியா இருக்கானு கேட்டுப்பாருங்க. 'அது எந்தக் கம்பெனி பிஸ்கட்?'னுதான் அண்ணாச்சி திருப்பிக் கேட்பார்.

அந்தப் பட்டியல்ல தப்பு எதுவும் இல்ல. சாக்லேட்ல இருக்கிற தியோப்ரோமின் நாயோட இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும், உண்மைதான். ஆனா, அது அமெரிக்காவுல ஒரு சமையலறையைப் பார்த்து எழுதினது. நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியையோ வாசல் செடியையோ அது பார்த்ததே இல்ல. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் நாய், பூனை, ஆட்டுக்குட்டி வளர்க்கிறவங்களுக்கு ஆபத்து வேற இடங்கள்ல இருக்கு.

முதல்ல ரோட்டுல இருந்தே ஆரம்பிப்போம். மதுரையில இருந்து திருநெல்வேலி போற நாலுவழிச்சாலையில பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவங்களுக்கு நடுவுல வரிசையா நிக்கிற அந்த இளஞ்சிவப்புப் பூ தெரியும். அரளி. பழைய ரோட்டுல ரெண்டு பக்கமும் புளியமரம் நின்ன காலம் போய், ரோடு அகலமானதும் நடுவுல அரளி வந்துடுச்சு. தண்ணி இல்லாமலும் நிக்கும், லாரிப் புகையைத் தாங்கும். ஆடு மாடு கடிக்காதுங்கிறதுதான் அதோட பெரிய தகுதி. ஏன் கடிக்காதுன்னா, கசப்பு. இலை, பூ, தண்டு, வேர்னு எல்லாத்துலயும் ஒலியான்ட்ரின் மாதிரி இதயத்தைத் தாக்குற நச்சு இருக்கு. துடிப்போட தாளத்தையே அது குலைச்சுடும்.

2024 மே மாசம் கேரளாவுல இது பெரிய செய்தியாச்சு. அரளி இலையைக் கடிச்ச ஓர் இளம்பெண் இறந்துட்டார்னு தகவல் வந்தது. அதே நாள்கள்ல பத்தனம்திட்டா மாவட்டத்துல அரளி இலையைத் தின்ன ஒரு பசுவும் கன்னும் செத்துப்போச்சுன்னு செய்தி. அதுக்கப்புறம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ வேண்டாம்னு முடிவெடுத்தது. நம்ம ஊர்ல அந்தச் செய்தியை 'கேரளா நியூஸ்'னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிட்டோம். செவ்வாய், வெள்ளி ஆனா அரளி மாலை இல்லாத வீடு இங்க எத்தனை இருக்கு? பூஜை முடிஞ்சதும் வாடின மாலையைத் தூக்கி ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடுறதும், இல்லன்னா வாசல்ல வீசுறதும் வழக்கம்தானே. காய்ஞ்சா விஷம் போயிடும்னு நினைக்கிறதுதான் இதுல மோசமான தப்பு. வாடின அரளியிலயும் நச்சு இருக்கும். செடியில இருக்கும்போது ஒதுங்கிப்போற ஆடு, வெட்டிப்போட்ட கிளை புல்லோட கலந்து கிடந்தா சேர்த்துத் தின்னுடும். பல்லு முளைக்கிற வயசு நாய்க்குட்டி, கையில கிடைச்ச குச்சியைக் கடிச்சுக் குதறும். அது அரளிக்குச்சியா, வேப்பங்குச்சியானு அதுக்கு என்ன தெரியும்?

ஆடு மாடு விஷயத்துல கரிசல்காட்டுப் பெரியவங்களுக்கு யாரும் பட்டியல் அனுப்ப வேண்டியதில்ல. ஐப்பசி மழைக்கு முளைச்ச சோளம் முழங்கால் உயரம் நிக்குது, நடுவுல மழை ஏமாத்திடுச்சு, பயிர் வாடுது. அந்த நேரத்துல எந்தத் தாத்தாவும் மாட்டை அவிழ்த்து அந்தப் பக்கம் விடமாட்டார். இளஞ்சோளத்துல துரின்னு ஒரு பொருள் இருக்கு. மாடு மெல்லும்போது அது உடைஞ்சு ஹைட்ரஜன் சயனைடா மாறும். ஆமா, சினிமாவுல வர்ற அதே சயனைடுதான். குருத்துப் பயிர்லயும், வாடின பயிர்லயும், அறுத்த கட்டையில இருந்து மறுபடி துளிர்த்ததுலயும் இது அதிகம். பூ எடுத்தப்புறம் குறைஞ்சுடும். அறுத்து நல்லாக் காயவெச்ச தட்டையிலயும் குறையும். மாட்டிக்கிட்டா மூச்சு இரைச்சு, வாயில நுரை தள்ளி, சில சமயம் அரைமணி நேரத்துலயே கதை முடிஞ்சுடும். டாக்டர் நேரத்துக்கு வந்து சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசியை நரம்புல போட்டா பிழைக்க வாய்ப்பு இருக்கு. 1901-லயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் கோவில்பட்டி. சோளமும் பருத்தியும் இங்க வெறும் பயிர் இல்ல, ஊரோட படிப்பு. அந்தப் படிப்புல இதுவும் ஒரு பாடம்.

'ஆடு எல்லாம் பெட் அனிமலா?'னு கேட்காதீங்க. பேர் வெச்சுக் கூப்பிட்டா ஓடிவர்ற குட்டி, கட்டிலுக்கு அடியில தூங்குற குட்டி, அது பெட்தான்.

ஆனா இந்த அறிவு நாய்க்கும் பூனைக்கும் ஏன் வரல? மாடு செத்தா குடும்பத்தோட வருமானம் போச்சு, அதனால ஊரே கத்துக்கிட்டது. நாய் வீட்டுக்கு வெளியே இருந்தது. கன்னி, சிப்பிப்பாறைனு நம்ம மண்ணோட வேட்டை நாய்கள் கம்பங்கூழையும் மிச்சம் மீதியையும் குடிச்சுட்டு காட்டுல ஓடுச்சு. எதைத் தின்னுச்சு, எதனால செத்துச்சுனு யாரும் கணக்கு வெச்சுக்கல. இப்போ நிலைமை தலைகீழ். நாய் சோபாவுல படுத்திருக்கு. அஞ்சு கிலோ ஷிட்ஸு, மூணரைக் கிலோ பெர்ஷியன் பூனை. நம்ம தட்டுல இருக்கிறது அதோட தட்டுலயும் விழுது. உடம்பு சின்னதா ஆகிடுச்சு, நம்ம பாசம் பெருசா ஆகிடுச்சு. விஷக் கணக்குல இது ரெண்டும் சேர்ந்தா ஆபத்து.

இப்போ புளிக்கு வருவோம். இது நிறைய பேருக்குப் புதுசு.

திராட்சையும் உலர் திராட்சையும் நாயோட சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு 2000-கள்ல இருந்தே கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும். எதனாலனு மட்டும் இருபது வருஷமா பிடிபடல. ஒரு நாய் கூடை நிறையத் தின்னுட்டு நல்லா இருக்கும், இன்னொண்ணு நாலு பழத்துக்கே படுத்துடும். 2021-ல அமெரிக்காவுல விலங்கு நச்சு உதவி மையத்து மருத்துவர்கள் ஒரு துப்பைப் பிடிச்சாங்க. வீட்டுலயே செஞ்ச விளையாட்டு மாவைத் தின்ன நாய்க்கு, திராட்சை தின்ன மாதிரியே வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும். அந்த மாவுல திராட்சையே கிடையாது. இருந்தது 'க்ரீம் ஆஃப் டார்டார்'. அதாவது, டார்டாரிக் அமிலத்தோட உப்பு. திராட்சையிலயும் அதே அமிலம்தான். பழத்துக்குப் பழம் அளவு மாறும்கிறதால பாதிப்பும் மாறுது. அடுத்த வருஷம் அவங்க வெளியிட்ட கட்டுரையில இன்னொரு பேரும் சேர்ந்தது: புளி. புளியைத் தின்ன நாய்களுக்கும் அதே சிறுநீரகச் செயலிழப்பு.

நாம புளிப்புனு சொல்ற அந்த ருசியே முக்கியமா டார்டாரிக் அமிலத்தோடதுதான். புளியில அது திராட்சையைவிடப் பல மடங்கு அதிகம். மனுஷ உடம்பு அதைச் சமாளிச்சுடும், நாயோட சிறுநீரகம் சமாளிக்கத் திணறும்.

'எங்க ஊர் நாய் எல்லாம் ரசஞ்சோறு தின்னுதானே வளர்ந்துச்சு?' கேள்வி நியாயமானதுதான். தெளிஞ்ச ரசத்துல இருக்கிற புளி கொஞ்சம், தெருநாயோட உடம்பு பதினஞ்சு இருபது கிலோ. ஆனா, பங்குனியில வீட்டுத் திண்ணையில கொட்டை எடுத்துக் காயவெச்ச புளியைக் குட்டிநாய் ஒரு உருண்டை முழுங்கினா அது வேற கணக்கு. புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைஞ்ச சாதத்தை அஞ்சு கிலோ நாய்க்குக் கிண்ணம் நிறைய வெச்சாலும் வேற கணக்குதான். தின்ன ஒரு நாளுக்குள்ள வாந்தி வரும், அப்புறம் சோர்வு. ரெண்டு மூணு நாள்ல சிறுநீர் போறது குறையும், சில சமயம் நின்னேபோகும். அந்தக் கட்டத்துல டாக்டர்கிட்ட கொண்டுபோனா, 'முந்தாநாள் என்ன சாப்பிட்டுச்சு?'னு கேட்பார். 'வீட்டுச் சாப்பாடுதான் சார்'னு நாம சொல்லுவோம்.

அந்த வீட்டுச் சாப்பாட்டுல அடுத்த ஆள் சின்ன வெங்காயம். விளாத்திகுளம் பக்கம் மூட்டை மூட்டையா விளையுறதுதான். பச்சையோ, வதக்கினதோ, குழம்புல கரைஞ்சதோ, எல்லாம் ஒண்ணுதான், வேகவெச்சா போயிடாது. ரத்தச் சிவப்பணுவை உடைச்சுடும். பூனைக்குத்தான் அதிக ஆபத்து, ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் போதும். நாலு கிலோ பூனைக்கு மூணு நாலு சின்ன வெங்காயம்னு வெச்சுக்கோங்க. நாய்க்கு கிலோவுக்கு 15-ல இருந்து 30 கிராம். உடனே ஒண்ணும் தெரியாது. சில நாள் கழிச்சு ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாப் போகும்போதுதான் தெரியும். பூண்டு இதைவிட வீரியம். சாம்பார்ல இருந்து காயை எடுத்துட்டு வெறும் குழம்பு மட்டும் ஊத்துறேங்கிறது தப்பிக்கிற வழி இல்ல.

மாடித்தோட்டக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. இயற்கை உரம்னு வாங்குற ஆமணக்குப் புண்ணாக்கு வாசனைக்கு நாய் தோண்டித் தின்னும். ஆமணக்கு விதையில இருக்கிற ரைசின் சரியா அழியாத புண்ணாக்குனா பெரிய ஆபத்து. மணி பிளாண்ட் உயிரை எடுக்காது, வாயெல்லாம் எரிஞ்சு எச்சில் ஒழுகும். நம்ம மாநில மலரான செங்காந்தளோட கிழங்கு நேரடி விஷம்.

கடலைமிட்டாய் பத்திச் சொல்லலன்னா ஊர்க்காரங்க கோவிச்சுக்குவாங்க. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கடலைமிட்டாய்ல விஷம் எதுவும் இல்ல. ஒரு துண்டு விழுந்து நாய் தின்னா பதற வேண்டாம், தினமும் கொடுத்தா சர்க்கரைதான் பிரச்னை. பயப்பட வேண்டியது 'சுகர் ஃப்ரீ'னு எழுதின கடலை வெண்ணெய், மிட்டாய், சூயிங்கம். அதுல சைலிட்டால் இருந்தா அரைமணி நேரத்துலயே நாயோட ரத்தச் சர்க்கரை கிடுகிடுனு இறங்கும், கல்லீரலும் போகலாம். லேபிள்ல E967-னு போட்டிருந்தா அதுதான். அதேபோல, பூசணம் பிடிச்ச கடலையும் மக்காச்சோளமும். நமக்கு ஆகாதுன்னு கழிச்சதை நாய்க்கோ கோழிக்கோ போடுறது ஊர்ப் பழக்கம். பூசணத்துல உண்டாகுற அஃப்ளாடாக்சின் கல்லீரலை அரிச்சுடும். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் செத்தப்போதான் இந்த நச்சே கண்டுபிடிக்கப்பட்டது. அதுக்குக் காரணம், பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு.

இதெல்லாம் நம்ம வீட்டுச் செல்லத்தோட மட்டும் நிக்கிற விஷயமும் இல்ல. 2025 ஆகஸ்ட் 22 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் வழக்குல, கண்ட இடத்துல உணவு வைக்கக் கூடாது, ஒவ்வொரு வார்டுலயும் அதுக்குனு தனி இடம் ஒதுக்கணும்னு சொன்னது. எங்கே வைக்கணும்னு எவ்வளவோ சண்டை நடந்துச்சு. என்ன வைக்கணும்னு யாரும் வாயைத் திறக்கல. கல்யாண மண்டபத்து மிச்சம், புளியோதரை, வெங்காயக் குருமா எல்லாம் அந்த இடத்துல குவியப்போகுது. இடத்தைக் காட்டி ஒரு போர்டு வைக்கிற நகராட்சி, அதுலயே ரெண்டு வரி சேர்த்து எழுதினா செலவு ஒண்ணும் கூடாது.

தின்னுடுச்சுனு தெரிஞ்சா என்ன செய்யணும்? நம்ம கை முதல்ல போறது உப்புத்தண்ணிக்கு, இல்லன்னா சாணிக் கரைசலுக்கு, புளிக்கரைசலுக்கு. மூணும் வேண்டாம். உப்புத்தண்ணியே சின்ன நாயைக் கொன்னுடும், புளி பத்தி இப்பதான் பேசினோம். வாந்தி எடுக்கவைக்கணுமா, கரி மருந்து கொடுக்கணுமானு டாக்டர் முடிவு பண்ணட்டும். முதல் ரெண்டு மணி நேரம்தான் முக்கியம். பகல்னா உள்ளூர் கால்நடை மருத்துவமனை இருக்கு. 1962 நம்பர் இருக்கு, அந்த வண்டி முக்கியமா ஆடு மாடுகளுக்கானது. ராத்திரி பதினோரு மணினா கதை வேற. திருநெல்வேலி ராமையன்பட்டியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி கோவில்பட்டியில இருந்து சுமார் 55 கிலோமீட்டர். கிராமத்துல இருந்து கிளம்பினா இன்னும் கூடும். வண்டி பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த ரெண்டு மணி நேரத்துல பாதி ரோட்டுலயே போயிடும்.

அதனால, உங்க டாக்டர் நம்பரையும் ராத்திரி பார்க்கிற பக்கத்து ஊர் டாக்டர் நம்பரையும் இன்னைக்கே போன்ல சேமிச்சு வெச்சுக்கோங்க. கிளம்பும்போது, நாய் கடிச்ச செடியை ஒரு போட்டோ, மிச்சம் இருக்கிற பாக்கெட்டை ஒரு கவர்ல, எத்தனை மணிக்குத் தின்னுச்சுங்கிறதை ஒரு மெசேஜா அனுப்பிடுங்க. நீங்க நாலுவழிச்சாலையில ஏறுறதுக்கு முன்னாடியே டாக்டர் அங்க மருந்தை எடுத்து வெச்சிருப்பார்.