விதி எழுதும் விரல்கள்

"தலையெழுத்து!"

நம் பாட்டன்மார் காலத்தில் எத்தனை கேள்விகளுக்கு இந்த ஒற்றைச் சொல் விடையாக நின்றது! உழுதவன் வயிறு ஏன் காய்ந்தது? தலையெழுத்து! நெய்தவன் இடையில் ஏன் கந்தல்? தலையெழுத்து! பள்ளி வாசலில் ஒரு சிறுவன் ஏன் தடுத்து நிறுத்தப்பட்டான்? தலையெழுத்து! அந்த எழுத்தை எழுதியவன் யார், அதை அழித்து எழுதினால் என்ன என்று துணிந்து கேட்ட இயக்கம், தோழர்களே, நம் இயக்கம்.

இன்று வேறொரு விதி எழுதப்படுகிறது. கடன் கேட்டுப் போகும் இளைஞனுக்குக் 'கொடு' என்பதா, 'கொடாதே' என்பதா என்று முடிவு செய்வதில் இயந்திரத்தின் கணக்குக்குப் பங்கு உண்டு. உணவுப் பொட்டலம் சுமந்து வெயிலில் விரையும் தம்பிக்கு, எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் என்று ஆணையிடுவது கைப்பேசிக்குள் குடியிருக்கும் நிரல். இந்த விதியைப் பிரம்மன் எழுதவில்லை, மனிதர் எழுதினர். மனிதர் எழுதியதை மனிதர் மாற்றலாம். ஆனால், எழுதத் தெரிந்தவர்க்கே மாற்றவும் முடியும். அப்படி எழுதும் விரல்கள் எந்த வீட்டுப் பிள்ளைகளின் விரல்கள்? இன்றைய கேள்வி இதுதான்.

"பள்ளிகளில்தான் கணினி இருக்கிறதே!" என்பர் சிலர். இருக்கிறது. 2011-இல் தொடங்கிய திட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர் மடியிலும் கணினி அமர்ந்தது. கருவி வந்தது நன்று. எனினும், விசையைத் தட்டக் கற்பது வேறு. விதியை வகுக்கக் கற்பது வேறு. இங்கிலாந்து இந்த வேறுபாட்டை உணர்ந்தது. அலுவலக மென்பொருளைப் பழக்குவதிலேயே பாடவேளை கழிகிறது என்ற குறை அங்கே எழுந்தது. 2014 செப்டம்பரில் பாடத்திட்டமே மாறிற்று. 5 வயதுப் பிள்ளையும் 'நெறிமுறை' என்றால் யாது என்று அறியத் தொடங்கியது. 2016-இல் ஏறத்தாழ 10 லட்சம் சிறுவர் சிறுமியர் கையில் 'மைக்ரோபிட்' என்னும் உள்ளங்கை அளவுக் கணினியை இலவசமாகக் கொடுத்தனர்.

நெறிமுறையா? நமக்குப் புரியாத வித்தையாயிற்றே என்று அஞ்ச வேண்டா. தேர்தல் களத்தில் நாம் செய்வது என்ன? தொகுதியை வாக்குச்சாவடிகளாகப் பிரிக்கிறோம். சாவடியைத் தெருக்களாகப் பிரிக்கிறோம். எந்தத் தெருவார் காலையில் வருவர், எவர் மாலையில் வருவர் என்று சென்ற தேர்தலின் போக்கைப் பார்க்கிறோம். வாக்காளர் பற்றி ஆயிரம் செய்தி அறிந்தாலும், அன்றைக்கு வேண்டியது வந்தாரா, வரவில்லையா என்ற ஒன்றே என்று மற்றவற்றை ஒதுக்குகிறோம். எதன்பின் எது என்று வரிசை வகுக்கிறோம். பெரியதைப் பிரித்தல், ஒழுங்கைக் காணல், வேண்டாததை விலக்கல், வரிசை வகுத்தல்! இந்த நான்கையும் சேர்த்துத்தான் 'கணிமைச் சிந்தனை' என்கின்றனர். எழுத்தும் எண்ணும் போல இதுவும் எல்லார்க்கும் உரியது என்று 2006-இல் எழுதினார் ஜீனெட் விங் என்னும் கணினிப் பேராசிரியை.

நம் தாய்மார் வாசலில் புள்ளி வைத்து, சுழித்து, மீண்டும் சுழித்து இழுக்கும் கோலத்திலும் இது உண்டு. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய அறிஞர்கள் 1970-களில் கோலத்தின் அமைப்பை ஆராய்ந்து, கணினி அறிவியலில் படங்களுக்கான இலக்கணம் வகுத்தனர். படிப்பறியாப் பெண்கள் என்று நாடு ஒதுக்கி வைத்தவர்களின் விரல் நுனியில் இருந்த கணக்கு அது!

எங்கிருந்து தொடங்குவது? கணினியே இல்லாமல் தொடங்கலாம். நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவர் தோழர்களும் காட்டிய வழி அது. தரையில் சுண்ணக்கட்டியால் வழிகள் வரைக. ஆறு பிள்ளைகள் கையில் ஆறு எண்கள். இருவர் சந்திக்கும் வட்டத்தில் சிறிய எண் இடப்புறம், பெரிய எண் வலப்புறம். நடந்து முடித்து மறுகரை சேரும்போது ஆறு எண்களும் வரிசையில் நிற்கும்! எப்படி நின்றன என்று பிள்ளைகள் வியந்து கேட்கும் அந்தக் கணத்தில் பாடம் பிறக்கிறது.

அடுத்து ஆமை. 1967-இல் சீமோர் பாப்பர்ட்டும் அவருடன் உழைத்தோரும் அமெரிக்காவில் சிறுவர்க்கென்றே 'லோகோ' என்னும் நிரல்மொழியைப் படைத்தனர். திரையில் ஊரும் ஆமையொன்று பின்னர் அதில் வந்து சேர்ந்தது. '100 எட்டு முன்னே செல். வலப்புறம் 90 பாகை திரும்பு. இதை 4 முறை செய்' என்றால் ஆமை சதுரம் வரையும். 90-ஐ 72 ஆக்கி, 4-ஐ 5 ஆக்கினால் ஐங்கோணம்! நாடக மேடையில், "போ" என்றால் எங்கே போவது என்று நடிகர் தாமே உணர்ந்து கொள்வார். ஆமை உணராது, சொன்னதை மட்டுமே செய்யும். ஆகவே, தெளிவாகச் சொல்லப் பிள்ளை பழகுகிறது. தவறினால் பிரம்படி இல்லை. எந்த வரியில் பிழை என்று தேடு, திருத்து, மீண்டும் ஓட்டு! பிழை பாவமன்று, ஆராய வேண்டிய செய்தி என்று கற்ற பிள்ளை, பகுத்தறிவின் முதற்படியில் ஏறிவிட்டது.

அதற்கடுத்து, 2007-இல் வெளிவந்த 'ஸ்கிராட்ச்'. கட்டளைக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திக் கதையும் விளையாட்டும் செய்யலாம். பின்னர், எழுதிப் பழகும் மொழி. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியலைத் தேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவர் 'பைத்தான்' கற்கின்றனர். தமிழிலேயே எழுதவும் வழியுண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பனவே கட்டளைச் சொற்கள். ஆங்கிலம் அறிந்தால்தான் சிந்திக்கலாம் என்ற பூட்டுக்கு அது ஒரு திறவுகோல்.

அதற்கும் மேலே? தன் ஊரை நோக்கிச் செல்க! நூலகத்தில் எந்த நூல் யாரிடம் உள்ளது? குடிநீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளாக வரவில்லை? இவற்றுக்கு நிரல் எழுதட்டும். எழுதி முடித்ததும் இன்னொன்று கேட்கட்டும்: நான் வகுத்த விதியால் விடுபட்டவர் யார்? இந்தக் கேள்வியைக் கேளாதவன் கைக்கு நிரலெழுதும் ஆற்றல் வந்தால், பழைய மனு புதிய உருவில் வந்துவிடுவான்.

"2022-இல் சாட்ஜிபிடி வந்துவிட்டது, நிரலை இயந்திரமே எழுதும், இனி எதற்குக் கற்பது?" என்று கேட்கின்றனர். எழுதட்டும்! அது எழுதியது சரியா என்று பார்ப்பவர் யார்? கணக்குப் பிள்ளை எழுதிய கடன் சீட்டில் படிக்காமல் கைநாட்டு வைத்து நிலமிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். படிக்காமல் ஒப்பமிடும் காலம் மீண்டும் வரலாமா?

வேறொரு தோழர் கேட்கிறார்: "2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் நிரலெழுதும் பயிற்சியைப் பேசுகிறதே, நாமும் அதையே பேசுவதா?" ஆறாம் வகுப்பிலேயே தொழிற்பயிற்சி என்பதையும் மும்மொழி என்பதையும் நாம் எதிர்க்கிறோம்; எதிர்ப்போம். 1953-இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்றார். நாடு கொதித்தது, 1954-இல் காமராசர் முதல்வராகி அத்திட்டத்துக்கு முடிவு கட்டினார். அன்று நாம் வெறுத்தது தொழிலையா? இல்லை. சிந்திப்பது ஒருவன் பிள்ளைக்கு, சுமப்பது இன்னொருவன் பிள்ளைக்கு என்ற பங்கீட்டை வெறுத்தோம். பணமுள்ளவன் பிள்ளை கட்டணம் கட்டி விதி வகுக்கக் கற்க, ஏழையின் பிள்ளை விசை தட்டக் கற்று நின்றால், அதுவும் அரை நாள் பள்ளியே! கணிமைச் சிந்தனையைப் பகைவர் பெயர் சொன்னார் என்பதற்காக நாம் கைவிட்டால், பங்கீடு அவர்கள் விரும்பியபடியே நடக்கும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம், உரத்துக் கேட்போம். நாம் செய்ய வேண்டியது? நம் கிளைதோறும் படிப்பகம் கண்டவர்கள் நாம். நாளேட்டை ஒருவர் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியமர்ந்து கேட்டு அரசியல் கற்ற இடம் அது. ஞாயிறு மாலைகளில் அங்கே ஒரு சுண்ணக்கட்டி, ஒரு பழைய மடிக்கணினி, கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை. தெருப் பிள்ளைகள் பத்துப் பேர். இது போதும் தொடங்குவதற்கு.

தலையில் எழுதியது விதி என்று நம்பிய பாட்டனின் பேரப்பிள்ளை, தன் விரலால் விதி எழுதட்டும். படிப்பகத்தின் கதவைத் திறந்து வையுங்கள், தோழர்களே!