சீட்டுக்குள் ஃபேன் தேவையா?

புதிய கார் வாங்கப் போகிறீர்களா? 'வென்டிலேட்டட் சீட்' உள்ள மாடலை எடுங்கள் என்று ஷோரூமில் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் பிராசஸர் மேல் சுழலும் ஃபேனை நினைத்துக் கொள்ளுங்கள். அது குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. காற்றை நகர்த்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது. இந்த சீட்டும் அப்படித்தான். துளையிட்ட உறை வழியே காற்று ஓடி, முதுகு வியர்வையை உலர்த்தும். காருக்குள் ஏசி குளிர்ந்த பிறகே முழுப் பலன் தெரியும். மேலே சாதாரண சீட் கவர் போட்டால் பலன் குறைந்துவிடும்.

2017-ல் ஹூண்டாய் வெர்னாவில் வந்த இந்த வசதி, இன்று சிறிய எஸ்யூவிகளிலும் கிடைக்கிறது. ராசிங்காபுரத்திலிருந்து மே மாத வெயிலில் தினமும் தேனி போய் வருபவருக்கு இது நல்ல வசதிதான். ஆனால் ஏலத்தோட்டத்துக்காகப் போடிமெட்டு ஏறுபவருக்கு? மேலே போகப் போகக் குளிர்ந்துவிடும். வழியிலோ 17 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் வண்டி வழுக்காமல் இருக்க உதவுவது இஎஸ்சி. சீட் ஃபேன் அல்ல. மேலும், பெரும்பாலான கார்களில் இது முன் சீட்டுகளுக்கு மட்டுமே. பின்னால் அமரும் அப்பா, அம்மாவுக்குக் கிடைக்காது.

எனவே முதலில் இஎஸ்சி, ஆறு ஏர்பேக், பின் சீட்டுக்கு ஏசி வென்ட் ஆகியவற்றைப் பாருங்கள். அதன்பின்பும் பணம் மீதமிருந்தால் சீட் ஃபேன். மதிய வெயிலில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் முதுகே பதில் சொல்லிவிடும்!