மஞ்சள் கடுதாசியில் விட்டுப்போன பெயர்

"அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று சொல்லும்போது நம் ஊரில் ஒரு சிரிப்பு உண்டு. ஊரை ஏய்த்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர் என்பது அதன் பொருள். என் தந்தை கொடுத்தபின் அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை. ஆயினும் அவருக்காக வாதாட நான் இதை எழுதவில்லை. அவர் செய்த ஒரு தவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

நான்கு விசைத்தறிகள், ஏறிய நூல் விலை, பல இடங்களில் கடன். மீதிக் கதை நீங்கள் அறிந்ததே. நொடிப்பு மனுவில் கடன் கொடுத்தோர் அனைவரின் பெயரும் தொகையும் இருக்கவேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். தந்தையோ ஒருவரை விட்டுவிட்டார். கூடவே தறி ஓட்டிய நண்பர். புரோநோட்டின்பேரில் 60,000 ரூபாய் கொடுத்தவர். "அவனைப் போய்க் கோர்ட்டுக்கு இழுப்பதா? எப்படியாவது கொடுத்துவிடுவேன்" என்றார்.

நீதிமன்ற நோட்டீஸ் மற்றவர்களுக்கெல்லாம் போயிற்று. நண்பருக்கு ஊர்வாயிலாகத்தான் செய்தி போயிற்று. அவர் வரவில்லை; இருவரை அனுப்பினார். கல்லூரி விட்டு நான் வீடு திரும்பியபோது அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். "பட்டியல்ல பேர் இல்லாத கடன் சாகாது தம்பி. உங்களுக்குத்தான் பதினெட்டு முடிஞ்சிருச்சே, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று புதுப் புரோநோட்டை நீட்டினார்கள். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தார். பேனாவை வாங்கிவிட்டேன் என்பதை மறைப்பானேன்?

போடவில்லை. போட்டிருந்தால் அது தந்தையின் கடனாக இராது, என் கடனாகியிருக்கும். வணிகச் சட்ட வகுப்பில் தூங்காமல் இருந்த ஒரு நாளின் பயன் அது!

அவர்கள் சொன்னதும் சரியன்று. சென்னைக்கு வெளியே நமக்குப் பொருந்தும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி, நீதிமன்றம் கடன் விடுதலை உத்தரவு வழங்கினால், அச்சட்டத்தின்கீழ் நிரூபிக்கத்தக்க கடன்களெல்லாம் தீரும். அரசுப் பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் போன்றவை தீரா. பிணை நின்றவரும் தப்பமாட்டார். பட்டியலில் பெயர் இல்லை என்பதனால் மட்டும் ஒரு கடன் தனியுயிர் பெற்றுவிடாது. திவாலானவர் என்று தீர்ப்பான பின் நீதிமன்ற அனுமதியின்றி வழக்கே போட முடியாதென்றால், திண்ணையில் உட்கார எவருக்கு உரிமை?

ஆனால் இத்தோடு வெற்றிக் களிப்படைய என்னால் முடியவில்லை. மோசடி எண்ணத்துடன் கடனை மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தந்தைக்கு அந்த எண்ணம் இல்லை. இருந்தும் விளைவைப் பாருங்கள்! தறிகளை விற்றுப் பங்கிடும்போது நூல் வியாபாரிக்குப் பங்கு உண்டு, வட்டிக்கடைக்காரருக்குப் பங்கு உண்டு. நம்பிக் கொடுத்த நண்பருக்கு மட்டும் இல்லை. இதுவா நட்புக்குச் செய்யும் மரியாதை? ஆளை அனுப்பியது அவர் பிழைதான், அனுப்பவைத்தது நாங்கள்.

விடுதலை உத்தரவுக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் கடன் கொடுத்தவர் தம் கடனை நிரூபித்து அட்டவணையில் பெயர் சேர்க்கக் கேட்கலாம். மறுநாள் தந்தையை அழைத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. வழக்கு எண்ணை மட்டும் ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

இப்போது அவர் பெயர் அட்டவணையில் இருக்கிறது. ரூபாய்க்குச் சில காசுகள்தாம் கிடைக்கும். சென்ற வாரம் சந்தையில் தந்தையைப் பார்த்து, "நோட்டீஸ் வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.