தலைமை உருவாகும் இடம் ஆய்வுக் கூட்டம்

பொதுச் சுகாதாரத் துறையில் தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் பணிமூப்பால் வந்து சேர்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர் ஓர் ஆணையில் வட்டார மருத்துவ அலுவலர் ஆகிறார். அன்று முதல் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், மருந்தாளுநர், ஓட்டுநர் அனைவரும் அவர் பொறுப்பு. தடுப்பூசி, கொசு ஒழிப்பு, குடிநீரில் குளோரின் அளவு, ஊராட்சித் தலைவரோடு பேச்சு என்று எல்லாம் அவரிடம் வருகின்றன. மருத்துவக் கல்லூரியில் அவர் படித்தது நோயைக் கண்டறிய. இத்தனை பேரை ஒன்றுசேர்த்து வேலை வாங்க அல்ல.

இத்துறைக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதைத் தமிழ்நாடு முன்பே உணர்ந்தது. நாட்டின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்ககமும், அதற்கென்று படித்த அலுவலர் பிரிவும் இங்கே உண்டு. இத்தகைய பிரிவை எல்லா மாநிலங்களும் அமைக்க வேண்டும் என்று தேசிய நலவாழ்வுக் கொள்கை சொன்னது 2017இல்தான்.

ஆயினும் தனிப் பிரிவு இருப்பதால் மட்டும் தலைமைத் திறன் வந்துவிடாது. அது வளர்வதும் கெடுவதும் மாதந்தோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில். தாய் இறப்புத் தணிக்கை இதற்கு நல்ல சான்று. பிரசவத்தை ஒட்டி ஒரு பெண் இறந்தால் எங்கே தாமதம் ஏற்பட்டது, வீட்டிலா, வண்டி கிடைக்காமலா, மருத்துவமனைக்கு வந்த பிறகா என்று படிப்படியாக விசாரிப்பதே இதன் முறை. தமிழ்நாடு இதை 1990களிலேயே தொடங்கியது. விசாரணையின் நோக்கம் அடுத்த இறப்பைத் தடுப்பது. யாரையும் தண்டிப்பது அல்ல. கூட்டத்தை நடத்துபவர் இதை மறந்து முதல் கேள்வியிலேயே மெமோவைப் பற்றிப் பேசினால், அடுத்த முறை செவிலியர் உண்மையைச் சொல்லமாட்டார். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். காரணம் மட்டும் தெரியாமலே போகும். கீழே இருப்பவர் கெட்ட செய்தியை அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதுதான் ஓர் அலுவலரின் தலைமைக்கு முதல் அளவுகோல். இலக்கு, விழுக்காடு எல்லாம் அதற்குப் பிறகு.

இத்தகைய தலைமையை இரண்டு நாள் பயிலரங்கில் கற்றுக்கொள்ள இயலாது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் களப் பயிற்சி வேறு வழியைக் காட்டுகிறது. அங்கே பயில்பவர் கள வேலையிலேயே கற்கிறார்: நோய்ப் பரவலை விசாரிக்கிறார், கண்காணிப்பு முறையை ஆராய்கிறார், கண்டதை எழுதி மூத்தவர் முன் வைத்துத் திருத்திக்கொள்கிறார். வழிகாட்டும் மூத்தவர் உடன் இருப்பதே அப்பயிற்சியின் உயிர். மாவட்ட அளவிலும் இதைச் செய்யலாம். புதிதாகப் பொறுப்பேற்கும் வட்டார அலுவலருக்கு அனுபவமுள்ள ஒருவரை ஓராண்டு வழிகாட்டியாக நியமிக்கப் பெரிய செலவு ஆகாது.

இத்தகைய பயிற்சி, மருத்துவர்களோடு நின்றுவிடுவது பெருங்குறை. துணை சுகாதார நிலையங்களை மேற்பார்வையிடும் பகுதி சுகாதார செவிலியரும் சுகாதார மேற்பார்வையாளரும் நாள்தோறும் முடிவெடுப்பவர்கள். அவர்களுக்கும் இதே பயிற்சி வேண்டும்.

அடிக்கடி இடமாறுதல், காலிப் பணியிடத்துக்குக் கூடுதல் பொறுப்பு ஆகிய இரண்டும் தொடரும் வரை எந்தப் பயிற்சியும் பலன் தராது. ஊரும் ஊழியரும் பழகும் முன்பே மாற்றப்படும் அலுவலரிடம் தலைமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பயிற்சித் திட்டம் வகுக்கும் இயக்ககங்கள் முதலில் பணிக்காலத்தை உறுதிசெய்ய வேண்டும்.