பாடசாலைக்கு எஜமானர் யார்?

சட்டசபைத் தேர்தல் வந்துவிட்டால் தாராசுரத்தில் சுவர்களுக்கும் வாய் முளைத்துவிடும். ஐராவதேசுவரர் கோயில் மதிலோரம் அமர்ந்திருப்போர், எந்த அபேட்சகருக்கு எத்தனை வோட்டு விழும் என்று விரல் மடித்துக் கணக்குச் சொல்வர். அவர்களிடமே, தங்கள் குழந்தை வாசிக்கும் சர்க்கார் பாடசாலையின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி யார் என்று வினவினால், விடை கூறவல்லவர் மிகச் சிலரே. அந்தக் குழுவுக்கும் ஒரு தேர்தல் உண்டு. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு ஊக்கமுள்ள நம் ஜனங்கள், தம் குழந்தைகளின் பள்ளியைக் கண்காணிப்போரைத் தேர்ந்தெடுப்பதில் அசட்டையாயிருப்பது ஏன்? இக்கேள்வி அற்பமானதன்று.

2009-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 21-வது பிரிவை அன்பர்கள் ஒரு முறை வாசிக்க வேண்டும். குழுவின் அங்கத்தினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ போஷகராகவோ இருத்தல் வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் ஸ்திரீகளாயிருத்தல் வேண்டும். நலிந்த வகுப்பாரின் குழந்தைகள் எந்த விகிதத்தில் பயில்கிறார்களோ, அந்த விகிதத்தில் அவர்தம் பெற்றோருக்கும் இடம் தர வேண்டும். பாடசாலையின் நடப்பைக் கண்காணித்தல், அபிவிருத்தித் திட்டம் தயாரித்தல், வரும் மான்யம் செலவாகும் விதத்தைக் கவனித்தல் ஆகியவை குழுவின் கடமைகள். அத்திட்டமே சர்க்கார் வழங்கும் மான்யத்துக்கு ஆதாரமாகும் என்று 22-வது பிரிவு விதிக்கின்றது. ஆகவே, ஒழுகும் கூரையையும் கதவில்லாத கழிப்பிடத்தையும் குறித்துக் குழு எழுதி வைப்பது வெறும் விண்ணப்பமன்று. சட்டத்தின் பலமுள்ள பத்திரமாகும்.

நம் மாகாணத்தில் இக்குழுக்கள் 2022-ஆம் வருஷத்தில் புதிதாக அமைக்கப்பட்டன. குழுவுக்கு 20 அங்கத்தினர் என்றும், தலைமைப் பதவி பிள்ளைகளின் தாய்மாருள் ஒருவருக்கே என்றும் ஏற்பாடாயிற்று. இரண்டாண்டு கழிந்தபின், 2024-இல் முன்னாள் மாணவருக்கும் இடமளித்து மறுபடியும் அமைக்கப்பட்டன. ஏற்பாடு மெச்சத் தக்கதே. நடந்த விதமோ எல்லா இடத்திலும் மெச்சத் தக்கதாயில்லை. பல ஊர்களில் தலைமை உபாத்தியாயர் வாசித்த பெயர்களுக்கு வந்திருந்தோர் தலையசைத்தனர், தேர்தல் முடிந்தது. தலைவியாய் வந்த அம்மையார் கையெழுத்திடுகிறார். பேசுகிறவர் அவருடைய கணவர்.

இதற்கு ஜனங்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. தாராசுரத்தில் பட்டுத் தறியில் குடும்பமே உழைக்கிறது. ஒருவர் தறியை விட்டெழுந்தால் அன்றைய வேலை பின்தங்கும். சுற்றுக் கிராமங்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாய்மாருக்கு, பகற்பொழுதில் கூடும் கூட்டம் ஒரு நாள் கூலி நஷ்டம். கூலியை இழந்து வந்தும் தம் சொல் ஏறாது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை எவர் வருவார்?

பழைய சரித்திரமும் இவ்விஷயத்தில் ஒன்று கற்பிக்கின்றது. 1920-ஆம் வருஷத்திய சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் ஜில்லாதோறும் கல்விக் கவுன்ஸில்களை ஏற்படுத்திற்று. பாடசாலைகள் பலவும் ஜில்லா போர்டுகளின் வசம் இருந்தன. அக்காலத்தில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஸர் ஏ. டி. பன்னீர்செல்வம், வடமொழிக்கே உரியதாயிருந்த திருவையாற்றுக் கலாசாலையில் தமிழும் பயில வழி செய்தார். தலைமைப் பீடத்தில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்தே கல்வியின் கதவு யாருக்குத் திறக்கும் என்பது அமைந்திருந்தது. போர்டுகளின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. தலைவரின் கோபத்துக்கு ஆளான உபாத்தியாயர் தூரத்து ஊருக்கு மாற்றப்படுவது அந்நாளில் சாதாரணம். 1958-ஆம் வருஷத்துச் சட்டங்களுக்குப் பின் ஜில்லா போர்டுகள் மறைந்தன. பின்னர் 1981-இல் பஞ்சாயத்து யூனியன் உபாத்தியாயர்கள் சர்க்கார் ஊழியராயினர். அவர்கள் சம்பளத்துக்கும் மானத்துக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. நாம் அதை வரவேற்கிறோம். ஆயினும் உபாத்தியாயருக்குக் கிடைத்த பாதுகாப்போடு, கேள்வி கேட்கும் பழக்கம் ஊராரை விட்டு அகன்றது.

பிற தேசங்களை நோக்குவோம். இங்கிலாந்தில் 1870-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தால் பாடசாலை போர்டுகள் ஏற்பட்டபோது, பார்லிமெண்டு வோட்டுரிமை பெறாத ஸ்திரீகள் இப்போர்டுகளுக்கு நிற்கவும் உரிமை பெற்றனர். அவ்வருஷமே எலிஸபெத் காரெட், எமிலி டேவிஸ் என்னும் இருவர் லண்டன் போர்டில் அமர்ந்தனர். அமெரிக்காவிலோ சுமார் 13,000 பாடசாலை ஜில்லாக்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் போர்டு அங்கத்தினரை ஊராரே வோட்டளித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் கல்வி அதிகாரியை நியமிப்பதும் அந்தப் போர்டே. 2022 பிப்ரவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தார் தம் போர்டின் மூன்று அங்கத்தினரைத் தவணை முடியுமுன்னரே வோட்டுப் போட்டு விலக்கினர். ஆனால் அங்கும் ஒரு நோய் உண்டு. தனித்து நடக்கும் பாடசாலைத் தேர்தல்களுக்கு வோட்டர்களில் சொற்பப் பேரே வருகின்றனர். ஆகவே கட்டுப்பாடுள்ள ஒரு சிறு கூட்டம் போர்டைக் கைப்பற்றி, நூல்நிலையத்தில் எப்புத்தகம் இருக்கலாம் என்பது வரை தன் இஷ்டப்படி விதிக்க முடிகிறது. அதிகாரமில்லாத குழு பொம்மையாகும். ஜனங்கள் வராத குழு சிலரின் சொத்தாகும். இரண்டையும் நாம் தவிர்க்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டு விவகாரம் என்று கருதுவோர், இவ்வூருக்கு அடுத்த கும்பகோணத்தை நினைக்கட்டும். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில், சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன, மாடிப்படியோ குறுகலானது. அக்கூரையையும் அப்படியையும் கண்டு, ஏன் என்று கேட்டு விடை பெறும் சட்ட அதிகாரம் பெற்றோருக்கு அன்று இருக்கவில்லை.

பின்னர் வந்த 2009-ஆம் வருஷத்துச் சட்டம் இக்குறையைத் தீர்த்துவிட்டதா? முழுவதும் தீர்க்கவில்லை. சர்க்கார் மான்யம் பெறாத தனியார் பள்ளிகளை 21-வது பிரிவு தொடவே இல்லை. மான்யம் பெறும் தனியார் பள்ளிகளில் குழு ஆலோசனை மாத்திரம் கூறலாம் என்று 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் வரையறுத்துவிட்டது. மான்யம் பெறும் பள்ளியும் பெறாத பள்ளியும் ஒரே கூரையின் கீழ் நடந்த அக்கட்டடம் இன்று இருக்குமாயின், பெற்றோர் ஒன்றில் ஆலோசனை கூறலாம். மற்றொன்றில் வாசலில் நிற்கலாம். எந்தக் குழந்தையின் உயிரும் பள்ளியின் மான்யக் கணக்கைப் பொறுத்து மதிப்புப் பெறுவதன்று. கட்டடம், தீப்பாதுகாப்பு, சமையற்கூடம், குடிநீர், வண்டி ஆகியவற்றைப் பொறுத்த மட்டிலேனும் எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோர் குழுவுக்குப் பரிசோதிக்கும் அதிகாரம் அளிக்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும். பாடத்திட்டத்திலோ உபாத்தியாயர் நியமனத்திலோ குழு தலையிட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழுத் தேர்தலின் தேதியை ஒரு வாரம் முன்னரே தெருத்தோறும் அறிவிக்க வேண்டும். கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ கூட்ட வேண்டும். போட்டி ஏற்படின் கை தூக்கச் சொல்லாமல் சீட்டுப் போட்டு வோட்டெடுக்க வேண்டும். கடன் கொடுத்தவரும் வேலை கொடுப்பவரும் எதிரே இருக்கையில் ஏழையின் கை சுயேச்சையாய் உயராது. வந்த மான்யத்தையும் செலவையும் பள்ளி வாசற் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். இவற்றுக்கு எந்த மந்திரியின் உத்தரவும் தேவையில்லை. தலைமை உபாத்தியாயரின் நன்மனமும் ஊராரின் வற்புறுத்தலும் போதும்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. கட்சிக் கொடி கட்டும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கை இத்தேர்தலுக்கு அளியுங்கள். குழுவைக் கட்சிக்காகக் கைப்பற்றச் செல்லாதீர்கள். வராதிருக்கும் நெசவாளரையும் உழவர் பெண்களையும் அழைத்து வரச் செல்லுங்கள். சுயராஜ்யம் என்பது டில்லியிலும் சென்னையிலும் மாத்திரம் நடக்கும் காரியமன்று. தன் மகள் ஏறும் மாடிப்படி அகலமாயிருக்கிறதா என்று ஒரு தாய் அச்சமின்றிக் கேட்டு, அதற்கு விடையும் பெறும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.