“சேவை” என்னும் பித்தலாட்டம்

நமது நாட்டில் ஒருவருக்குக் கூலி கொடுக்க மனமில்லையானால் அவருக்கு ஒரு தெய்வப் பட்டம் கட்டிவிடுவது வழக்கம். வருஷந்தோறும் மே 12ந் தேதி நர்சுகளைத் “தேவதை” என்று புகழ்கிறார்கள். மறுநாள் அவர்கள் சம்பளமென்று வாய் திறந்தால், “சேவைக்கு விலையா?” என்கிறார்கள். இந்தச் சேவை நர்சுகளுக்கு மாத்திரந்தானா என்று நாம் கேட்கின்றோம். ஆஸ்பத்திரி முதலாளி கட்டில் வாடகையில் சேவைக்காக ஒரு காசு குறைத்ததுண்டா?

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்சு பயிற்சி துவங்கிற்று. வேலூரில் 1946-ல் பட்ட வகுப்பே ஏற்பட்டது. இது கைராசியுமல்ல, வரப்பிரசாதமுமல்ல. உடற்கூறும் மருந்தளவும் 4 வருஷம் கற்றுத் தேறும் வித்தை. ஆனால் பிறர் மலத்தையும் இரத்தத்தையும் தொடுவது இழிவென்ற ஜாதி ஆணவம் இவ்வேலையைக் கீழென்று தள்ளிற்று. அப்படிச் சொன்னவர்களே காய்ச்சல் வந்தால் அந்தக் கையால்தான் மருந்து குடிக்கிறார்கள். தீட்டுப் போய்விட்டது; குறைந்த கூலி மாத்திரம் போகவில்லை!

அரசாங்கத்தின் யோக்கியதையைப் பாருங்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்த நர்சுகளுக்குக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2 வருஷத்தில் நிரந்தரமென்றார்கள். வாக்குப் பலிக்காமற் போகவே, 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னையில் வந்து உட்கார நேர்ந்தது. அடுத்த வார்டில் அதே வேலை செய்யும் நிரந்தர நர்சுக்கோ பல மடங்கு சம்பளம். ஊசி ஒன்று, வேலை ஒன்று, கூலி மாத்திரம் இரண்டா?

தனியார் ஆஸ்பத்திரிகள் விஷயமாய் 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்மேல் ஏற்பட்ட கமிட்டி, சிறிய ஆஸ்பத்திரியிலுங்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்றது. கேரள நர்சுகள் சங்கங்கூடிப் போராடி, 2018-ல் அத்தொகையை அரசாங்க உத்தரவாகவே பெற்றார்கள். பிரார்த்தனையினாலல்ல, ஒற்றுமையினால்!

பெற்றோர்களே! நகையை அடகு வைத்துப் பெண்ணைச் சேர்க்குமுன் ஜாதகம் பார்க்க வேண்டாம். அக்கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரமுண்டா, பழகுவதற்கு ஆஸ்பத்திரியுண்டா என்று பாருங்கள். சகோதரிகளே! அசல் சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைக்கும் முதலாளிக்கு நகலை மாத்திரம் கொடுங்கள். ஊருக்கு ஊர் சங்கம் சேருங்கள். தேவதைப் பட்டத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மனுஷிக்குரிய சம்பளத்தைக் கேளுங்கள்.