எல்லைக் கோடும் இரத்த உறவும்

உறவு வீட்டுக்குரியது, தேசம் அதனினும் மேலானது. எல்லைக்கு அப்பால் உறவு கொண்டாடுபவனின் தேசபக்தி ஐயத்துக்குரியது என்பர் சிலர். மற்றெதிலும் ஒன்றுபடாத இந்திய, பாக்கிஸ்தானியத் தேசியவாதிகள் காஷ்மீர் விடயத்தில் மாத்திரம் இவ்வாதத்தை ஒரே குரலிற் பேசுகின்றனர்.

அந்த எல்லை எவ்வாறு வந்தது? 1846இல் அமிர்தசரஸ் உடன்படிக்கை மூலம் பிரித்தானியர் காஷ்மீரை அதன் மக்களோடு சேர்த்து 75 இலட்சம் ரூபாவுக்குக் குலாப் சிங்குக்கு விற்றனர். 1947இல் அவர் வழிவந்த மன்னர் இணைப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். 1949இல் கராச்சியிற் கூடிய படை அதிகாரிகள் போர்நிறுத்தக் கோட்டை வகுத்தனர். 1971ஆம் ஆண்டுப் போரின் பின் அது சிற்சில மாற்றங்களுடன் 'கட்டுப்பாட்டுக் கோடு' ஆயிற்று. ஏறத்தாழ 740 கிலோமீற்றர் நீளமான இக்கோட்டின் ஓர் அங்குலத்தையேனும் மக்களின் வாக்கு நிர்ணயிக்கவில்லை. பீரங்கி ஓய்ந்த இடமே எல்லையாயிற்று.

லடாக்கின் துர்துக் கிராமத்தைப் பாருங்கள். 1971 டிசெம்பர் வரை அது பாக்கிஸ்தானின் வசமிருந்தது. அம்மாதம் இந்தியப் படை அதனைக் கைப்பற்றியது. தொழிலுக்கும் படிப்புக்குமாக ஸ்கர்டு முதலிய இடங்களுக்குச் சென்றிருந்தோர் அப்புறமே நின்றுவிட்டனர். மனைவி மக்கள் இப்புறத்தார் ஆயினர். ஒரே பால்ட்டி மொழி, ஒரே குடும்பம், இரண்டு தேசங்கள்! ஓரிரவில் மாறிய தேசபக்தியை எந்தத் தராசில் நிறுப்பது? கேரனில் ஓர் ஆறே ஊரைப் பிளக்கின்றது. இப்புறத்தார் அதனைக் கிஷன்கங்கா என்பர். அப்புறத்தார் நீலம் என்பர். உறவினர் கரைகளில் நின்று கையசைக்கலாம். கை பற்ற முடியாது.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்கப்படும். நியாயமான கேள்விதான், ஆயுதம் தாங்கியோர் கோட்டைக் கடந்து வந்ததும், அப்பாவிகள் மாண்டதும் உண்மை. ஆனால் 2005 ஏப்ரலில் ஸ்ரீநகர்–முசாபராபாத் பஸ் சேவை தொடங்கியபோது, இரு அரசுகளும் விசாரணை செய்து அனுமதிச் சீட்டு வழங்கிய உறவினரே கடவுச்சீட்டின்றிப் பாலத்தை நடந்து கடந்தனர். ஆயுததாரி அவ்வாறு வரிசையில் நின்று விண்ணப்பிப்பதில்லை. 2019இல் அப்பாதை அடைபட்டபோது அடைபட்டவர்கள் முதியோரும் தாய்மாருமே.

இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. 'ஆசாத்', அதாவது சுதந்திரம், என்று பெயர் சூட்டிய பகுதியில், பாக்கிஸ்தானோடு இணைவதை ஏற்று உறுதியளிக்காதவர் தேர்தலில் நிற்க இயலாது. இந்தியப் பகுதியிலோ, 2010ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கொள்கையை நம்பிக் கணவரோடு வந்த அப்புறத்துப் பெண்கள் பலர், தாய் இறந்தாலும் சென்று காணக் கடவுச்சீட்டின்றித் தவித்தனர். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நிகழ்ந்த கொடிய படுகொலையின் பின் விசாக்கள் இரத்தாயின. குற்றமற்ற குடும்பங்களும் அட்டாரியில் பிரிக்கப்பட்டன. கொலைஞனின் குற்றத்துக்கு மருமகள் தண்டனை பெற்றாள்!

இக்குடும்பங்களுக்காகக் கண்ணீர்க் கதை எழுதுவதோடு எழுத்தாளனின் கடமை முடிந்துவிடாது. கண்ணீரை ஆளும் வர்க்கங்கள் ஒருபோதும் தடைசெய்ததில்லை. கோரிக்கையையே அவை அஞ்சுகின்றன. பஸ் மீண்டும் ஓடவேண்டும். அப்பெண்களுக்குப் பயணப் பத்திரம் வேண்டும். எந்தத் தீர்விலும் கோட்டின் இருபுறத்து மக்களின் குரலே முதலில் ஒலிக்கவேண்டும். மண்ணை மட்டும் நேசித்து, அதன் மீது வாழும் மனிதனைச் சந்தேகிப்பது தேசபக்தியன்று. அது நிலப்பிரபுவின் பேராசையே.